ஆர்50-ஆ, இசட்வி-இ10-ஆ? பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

முதல் மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இரண்டு பெயர்கள் கேனான் இஓஎஸ் ஆர்50, சோனி இசட்வி-இ10. முன்னது 2023-இல் வந்தது, பின்னது 2021-இல். விவரப் பட்டியலை அருகருகே வைத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார், 24.2 மெகாபிக்சல், 4கே 30 ஃபிரேம், வெளியே திரும்பும் திரை, ஒரே ஒரு கார்டு ஸ்லாட். எடைகூட பேட்டரி, கார்டு சேர்த்து 375 கிராம், 343 கிராம்தான். அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் முடிவு வராது. வித்தியாசமெல்லாம் லென்ஸிலும், நீங்கள் படம் எடுக்கும் இடத்தின் வெளிச்சத்திலும், பட்டியலின் கடைசி வரிகளிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒரு மணி நேரமும் கடையில் ஒரு மணி நேரமும் போதும்.

பெயரை முதலில் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இசட்வி-இ10-க்கு 2024-இல் 'மார்க் 2' வந்தது. அது வேறு சென்சார், வேறு பேட்டரி, வேறு விலை. ஆர்50-க்கு 2025-இல் 'ஆர்50 வி' வந்தது. அதில் வியூஃபைண்டரே (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரை) கிடையாது. கடையில் "ஆர்50தானே, இதோ" என்று எடுத்து நீட்டுவது எந்த ஆர்50 என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இங்கே எழுதியிருப்பதெல்லாம் பழைய இரண்டைப் பற்றி மட்டுமே.

கடைக்குப் போகும் முன்

போன் கேலரியைத் திறந்து கடைசி 200 படங்களையும் வீடியோக்களையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு தாளில் நான்கு எண்ணிக்கை போடுங்கள்: வீட்டுக்குள்ளோ மண்டபத்திலோ எடுத்தவை எத்தனை, வெயிலில் எடுத்தவை எத்தனை, ஓடுகிற குழந்தையோ நாயோ பைக்கோ எத்தனை, வீடியோ எத்தனை. கேமரா வாங்கியதும் பழக்கம் மாறிவிடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் மாறாது. இந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிட் லென்ஸ் கணக்கு. ஆர்50-உடன் வருவது 18-45 எம்எம், எஃப் 4.5-6.3 (எஃப் என்பது லென்ஸ் திறப்பான அப்பர்ச்சரின் எண், சிறியதானால் வெளிச்சம் அதிகம்). இசட்வி-இ10-உடன் வருவது 16-50 எம்எம், எஃப் 3.5-5.6. எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் இரண்டு சென்சாரும் ஒரே அளவு கிடையாது. கேனான் 22.3 × 14.9 எம்எம், சோனி 23.5 × 15.6 எம்எம். எனவே இரண்டையும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் பொது அளவுக்குக் கொண்டுவர, கேனான் லென்ஸ் எண்ணை 1.6-ஆலும் சோனி எண்ணை 1.5-ஆலும் பெருக்க வேண்டும். கேனானுக்கு ஏறத்தாழ 29 முதல் 72 வரை, சோனிக்கு 24 முதல் 75 வரை என்று வரும். தூரத்துப் பக்கத்தில் இருவரும் ஏறக்குறைய சமம். அகலப் பக்கத்தில்தான் சோனி முந்துகிறது. சின்ன அறையில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க 24-க்கும் 29-க்கும் உள்ள இடைவெளி உண்மையிலேயே உதவும். அப்பர்ச்சரிலும் சோனி கிட் லென்ஸ் கொஞ்சம் தாராளம்: அகலப் பக்கத்தில் 3.5-க்கும் 4.5-க்கும் இடையே சுமார் 1.65 மடங்கு வெளிச்சம், தூரப் பக்கத்தில் 1.27 மடங்கு.

ஆனால் வீடியோவுக்குப் போனால் இந்த அகலம் ஒரு செட்டிங்கால் காணாமல் போகும். இசட்வி-இ10-இல் 4கே 30 ஃபிரேமில் படம் 1.23 மடங்கு வெட்டப்படும். 24-ஐ 1.23-ஆல் பெருக்கினால் 29.5, அதாவது கேனானின் அகலத்துக்கே வந்து நிற்கிறது. ஆர்50-இல் 4கே 30-க்கு இந்த வெட்டு இல்லை. பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே சோனியை ஒதுக்குகிறார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது: கேமராவை பால் (PAL, 25 ஃபிரேம் வகை) முறைக்கு மாற்றி 4கே 25 ஃபிரேமில் எடுத்தால் சோனியும் சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் ட்யூப் லைட்டின் கீழ் படபடப்பு இல்லாமல் வரும். இரண்டு பிரச்சினைக்கும் ஒரே மருந்து. ஒரு எச்சரிக்கை: சோனியில் பால், என்டிஎஸ்சி (NTSC, 30 ஃபிரேம் வகை) இரண்டுக்கும் இடையே மாறினால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். படங்கள் உள்ள கார்டை வைத்துக்கொண்டு மாற்றாதீர்கள்.

கையை நீட்டித் தன்னையே வீடியோ எடுப்பவர்களுக்கு 29 என்பது நெருக்கம், முகமே திரையை அடைத்துவிடும். நடுக்கத்தைக் குறைக்க டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை (சோனியில் 'ஆக்டிவ் ஸ்டெடிஷாட்', கேனானில் 'மூவி டிஜிட்டல் ஐஎஸ்') போட்டால் இரண்டிலும் ஃபிரேம் இன்னும் சுருங்கும். இரண்டு பாடியிலும் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதை மறக்கவே கூடாது. நடந்துகொண்டே பேசுவதுதான் உங்கள் வேலை என்றால், அகல லென்ஸ் ஒன்றின் விலையை இப்போதே கணக்கில் சேருங்கள். கேனானுக்கு ஆர்எஃப்-எஸ் 10-18, சோனிக்கு 11 எம்எம் எஃப் 1.8 அல்லது 10-20 எஃப் 4.

இரண்டாவது லென்ஸ்தான் உண்மையான போட்டி

கல்யாண மண்டபத்துக்குள் 45 எம்எம்-இல் எஃப் 6.3 வைத்து 1/125-இல் எடுத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு, ஏற ஏற புள்ளி இரைச்சல் கூடும்) பல நேரம் 6400 பக்கம் போய் நிற்கும். அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது, ஐஎஸ்ஓ 500 பக்கம் இறங்கிவிடும். பாடியை மாற்றி இந்த வித்தியாசத்தைப் பெற வேண்டுமென்றால் விலை எங்கோ போய்விடும். தாளில் உள்ளரங்கப் படங்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் இருந்தால், கிட் லென்ஸோடு நிற்கக் கூடாது. அப்போது ஒப்பிட வேண்டியது "பாடி + கிட் + ஒரு எஃப் 1.8" என்ற மொத்தத் தொகையைத்தான்.

கேனானுக்கு ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 சின்னது, விலை குறைவு, ஆனால் அதில் ஸ்டெபிலைசேஷன் இல்லை. சோனியின் இ மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் வளைய வகை) 50 எம்எம் எஃப் 1.8, 35 எம்எம் எஃப் 1.8 இரண்டிலும் ஓஎஸ்எஸ், அதாவது லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் உண்டு. பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமராவில் கையில் பிடித்து வீடியோ எடுப்பவருக்கு இது பெரிய சலுகை. கேனானில் அதே வசதி வேண்டுமென்றால் ஆர்எஃப் 35 எம்எம் எஃப் 1.8 ஐஎஸ் பக்கம் போக வேண்டும், விலை ஏறும்.

சோனி இ மவுண்ட் 2010 முதல் இருக்கிறது. சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் என்று லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன, செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். கேனான் ஆர்எஃப் மவுண்டில் ஏபிஎஸ்-சிக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்ய சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் வழி திறந்தது 2024-இல்தான். சிக்மா 18-50 எஃப் 2.8 இப்போது ஆர்எஃப் மவுண்டிலும் கிடைக்கிறது, அது ஆர்50-இன் முகத்தையே மாற்றிவிடும் லென்ஸ். ஆனால் அதிலும் ஸ்டெபிலைசேஷன் இல்லை.

கேனான் பக்கம் ஒரு பழைய புதையல் உண்டு. வீட்டிலோ உறவினரிடமோ பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இருந்தால், இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் ஒன்றைப் போட்டு அவை ஆட்டோஃபோகஸுடன் வேலை செய்யும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவாகக் கிடைக்கிறது. அடாப்டரின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லென்ஸுக்காக மட்டும் இந்த வழி லாபமில்லை. இரண்டு மூன்று லென்ஸ்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் லாபம்.

பையில் இன்னும் என்னென்ன

பேட்டரி: கேனானுக்கு எல்பி-இ17, 1040 எம்ஏஎச். சோனிக்கு என்பி-எஃப்டபிள்யூ50, 1020 எம்ஏஎச். இரண்டும் சிறியவை. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு எதுவானாலும் கூடுதலாக இரண்டு வேண்டும். எல்பி-இ17-இல் சிப் இருப்பதால் வெளி நிறுவன பேட்டரிகள் சிலவற்றைக் கேமரா அடையாளம் காணாமல் எச்சரிக்கை காட்டும், கேனான் சார்ஜரில் ஏறாமலும் போகும். ஆர்50-ஐ யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் செய்ய நினைத்தால் பவர் டெலிவரி (PD) வகைச் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். பழைய போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று பதற வேண்டாம்.

கார்டு: இரண்டுமே யூஎச்எஸ்-1 வேகம்தான். யூஎச்எஸ்-2 கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது கேமராவுக்குள் எந்தப் பயனும் தராது. வி30 என்று அச்சிட்ட 128 ஜிபி கார்டு ஒன்று போதுமானது. சோனியில் 4கே 100 எம்பிபிஎஸ்-இல் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், கேனானில் 120 எம்பிபிஎஸ் கணக்கில் 54 ஜிபி. ஆக, 128 ஜிபியில் முன்னதற்குச் சுமார் 2 மணி 50 நிமிடமும் பின்னதற்கு 2 மணி 20 நிமிடமும் கிடைக்கும். இரண்டிலும் கார்டு பேட்டரி அறைக்குள்தான் இருக்கிறது. டிரைபாட் தகட்டைக் கழற்றாமல் கார்டு மாற்ற முடியாது என்பதால் பெரிய கார்டாகவே வாங்குவது நல்லது.

ஃபிளாஷ் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஆர்50-இல் சின்ன பாப்-அப் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது, சோனியில் இல்லை. ஆனால் ஆர்50-இன் மேலே உள்ள ஷூ (வெளி ஃபிளாஷ் மாட்டும் இடம்) புது வகை. பழைய ஃபிளாஷ்களுக்கும் டிரிக்கர்களுக்கும் தேவையான தொடுமுனைகள் அதில் இல்லை. நண்பரிடமிருந்து ஃபிளாஷ் வாங்கிச் செருகினால் எரியாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். சோனியின் ஷூவில் சோனி வகை ஃபிளாஷ் நேரடியாக வேலை செய்யும். ஃபிளாஷுடன் ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம் கேனானில் 1/250, சோனியில் 1/160. ஸ்டூடியோ வேலைக்கு இது பெரிதில்லை. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடுபவருக்கு உறைக்கும்.

கடைக் கவுண்டரில்

கூட்டமில்லாத நேரம் பார்த்து, வார நாளில் காலையில் போங்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை: உங்கள் சொந்த எஸ்டி கார்டு இரண்டு (ஒவ்வொரு கேமராவுக்கும் ஒன்று, மேலே பெயர் எழுதி), 3.5 எம்எம் மைக் அல்லது ஏதாவது ஒரு 3.5 எம்எம் ஒயர், ஒரு ஹெட்ஃபோன், அரக்கு அல்லது குங்குமச் சிவப்பில் ஒரு துணி. கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஃபோகஸ் சோதனைக்கு நடக்க ஆள் வேண்டும்.

டெமோ பீஸை எத்தனை பேர் தொட்டு என்னென்ன மாற்றி வைத்திருப்பார்கள் என்று தெரியாது. முதல் வேலையாக இரண்டிலும் மெனுவில் 'ரீசெட்' கொடுங்கள். பிறகு இரண்டிலும் ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) + ஜேபெக், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ, வீடியோவுக்கு பால் 4கே 25. கேனான் கிட் லென்ஸ் மூடிய நிலையில் சுருங்கி இருக்கும். வளையத்தைத் திருப்பி வெளியே எடுக்காவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும், பழுது என்று நினைக்க வேண்டாம். சோனியின் 16-50 பவர் ஜூம். ஆன் செய்யும்போது தானே வெளியே வரும், ஆஃப் செய்தால் உள்ளே போய் அடுத்த முறை 16-இலேயே தொடங்கும். சட்டென்று கேமராவை எடுத்துக் குழந்தையைப் பிடிக்க நினைப்பவர் இந்தத் தாமதத்தைத் தன் கையால் உணர்ந்து பார்க்க வேண்டும். இரண்டையும் ஆஃப் நிலையிலிருந்து எடுத்து முதல் படம் வரை எண்ணிப் பாருங்கள்.

பிறகு இரண்டையும் வெளியே வெயிலுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள், கடைக்காரர் ஒருவர் கூட வரட்டும். இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. நண்பகல் வெயிலில் சோனியின் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள், பிரகாசத்தை முழுதாக ஏற்றியும் பாருங்கள். இசட்வி-இ10-இல் வியூஃபைண்டர் இல்லை, பிறகு வாங்கிப் பொருத்தவும் முடியாது. ஆர்50-இல் கண்ணை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் படம் தெளிவாகத் தெரியும். தாளில் வெயில் எண்ணிக்கை அதிகமாக இருந்து, எடுப்பவை பெரும்பாலும் போட்டோவாகவும் இருந்தால், விஷயம் இங்கேயே கேனான் பக்கம் சாய்ந்துவிடும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடேயே வைத்துப் பார்த்து, மூலைகள் தெரிகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வியூஃபைண்டர் பக்கவாட்டில் உள்ள சின்ன டயலைத் திருப்பி எழுத்துகள் கூர்மையான பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

உள்ளே வந்ததும் ஃபோகஸ். கூட வந்தவர் 5 மீட்டர் தூரத்திலிருந்து கேமராவை நோக்கி ஒரு மீட்டர் வரை நடந்து வரட்டும். முதலில் தொடர் படங்களாக, பிறகு 4கே வீடியோவாக எடுங்கள். இரண்டாவது நடையில் அவர் கண்ணாடி அணிந்திருக்கட்டும். மூன்றாவதில் இடையே வேறொருவர் குறுக்கே போகட்டும், ஃபோகஸ் அந்த ஆளோடு ஓடிவிடுகிறதா, பழைய முகத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். முகத்தையும் கண்ணையும் பிடிப்பதில் இரண்டுமே நம்பகமானவை. ஆர்50 கூடுதலாக பறவைகள், கார், பைக் ஆகியவற்றையும் தனியாக அடையாளம் காணும். சோனியில் விலங்கின் கண்ணைப் பிடிப்பது போட்டோவுக்கு மட்டும், வீடியோவில் மனிதக் கண்தான்.

சமையல், நகை, பொருள் விமர்சன வீடியோ எடுப்பவர் சோனியின் 'புராடக்ட் ஷோகேஸ்' பொத்தானைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். கையில் ஒரு பொருளை முகத்துக்கு முன்னால் நீட்டினால் ஃபோகஸ் பொருளுக்குத் தாவி, எடுத்ததும் முகத்துக்குத் திரும்பும். ஆர்50-இலும் பொருட்களை நெருக்கமாகக் காட்டுவதற்கென்று தனி வீடியோ முறை இருக்கிறது. இரண்டிலும் பத்து முறை செய்து, எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணுங்கள்.

தொடர் படங்களில் ஆர்50 நொடிக்கு 12, சோனி 11. எண் சமம் மாதிரித் தெரிந்தாலும் ஆர்50-இல் ரா முறையில் பொத்தானை அழுத்தியபடி வைத்தால் மிகச் சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும், சோனி அதைவிட நீண்ட நேரம் ஓடும். ஓட்டப்பந்தயம், கபடி எடுப்பவர் ஜேபெக் மட்டும் வைத்தும் இதைச் செய்து பாருங்கள், வேறு கேமரா போலவே நடந்துகொள்ளும்.

ஒலிக்கு வருவோம். இரண்டிலும் மைக் துளை உண்டு. ஹெட்ஃபோன் துளை சோனியில் மட்டும்தான். நேர்காணல், பாட்டு, பட்டிமன்றம் பதிவு செய்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. மைக் ஒயர் தளர்ந்து கரகரப்பு ஏறினால், கேட்டுக்கொண்டே எடுத்தால்தான் அப்போதே தெரியும். வீட்டில் போய்த் தெரிந்து பயனில்லை. சோனியுடன் வரும் ரோம உறையை மேலே மாட்டினால் உள் மைக்கிலேயே கடற்கரைக் காற்றின் இரைச்சல் நன்றாகக் குறையும். மைக் ஒயரைச் செருகியபடி திரையை வெளியே திருப்பி, ஒயர் எங்கே இடிக்கிறது என்று இரண்டிலும் பாருங்கள். 4கே-இல் ஒரே கிளிப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய மேடை நிகழ்ச்சி என்றால், ஆர்50 ஒரு மணி நேரத்தில் தானே நிறுத்திவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தூணையோ கதவுச் சட்டத்தையோ குறிவைத்து வீடியோவில் கேமராவை வேகமாக இடவலமாகத் திருப்புங்கள். தூண் சாய்ந்து தெரியும். சென்சார் வரிவரியாக, மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால் வரும் குறை இது, இரண்டிலும் உண்டு. ஓடும் பேருந்து ஜன்னலிலிருந்து எடுப்பவர்களுக்கு இது கண்ணை உறுத்தும். உங்களுக்கு எது குறைவாக உறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கை. இரண்டு கேமராவிலும் யாரையும் கேட்காமல் இந்த நான்கையும் செய்யுங்கள்: ஐஎஸ்ஓ மாற்றுதல், 10 நொடி டைமர் போடுதல், ஒயிட் பேலன்ஸ் மாற்றுதல், எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அழித்தல். கேனானில் மெனுவை போன் மாதிரித் தொட்டே ஓட்டலாம். இசட்வி-இ10 பழைய மெனு முறை, தொடுதல் ஃபோகஸ் வைக்கவும் படம் எடுக்கவும்தான் உதவும், மெனுவுக்குள் பொத்தான்களால்தான் நகர வேண்டும். பழகிவிடும்தான். ஆனால் வீட்டில் அம்மாவும் தம்பியும் அதே கேமராவை எடுப்பார்கள் என்றால் இதற்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்.

வெளிச்சமும் நிறமும்

படத்தரத்தைக் கேமராத் திரையில் ஒப்பிடாதீர்கள். ஆர்50-இன் திரை 16.2 லட்சம் புள்ளி, சோனி திரை சுமார் 9.2 லட்சம் புள்ளி. ஒரே படம்கூட கேனானில் கூர்மையாகத் தெரியும். கார்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரே கணினியில் 100 விழுக்காட்டில் பாருங்கள்.

கடையில் எடுக்க வேண்டிய தொகுதி இது. கேனானை 31 எம்எம், சோனியை 33 எம்எம் வையுங்கள், இரண்டும் ஏறத்தாழ 50-க்குச் சமம். இரண்டிலும் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400, 1600, 6400, 12800, ஒவ்வொன்றிலும் ஷட்டரை மாற்றி ஒரே வெளிச்ச அளவுக்குக் கொண்டு வாருங்கள். கேமராவை மேசை மீது வைத்து 2 நொடி டைமரில் எடுங்கள், கை நடுக்கம் சோதனையைக் கெடுக்கக் கூடாது. ஃபிரேமில் கூட வந்தவரின் முகமும் அந்தச் சிவப்புத் துணியும் இருக்கட்டும்.

சிவப்பு ஏன் என்றால், அரக்குப் பட்டும் குங்குமமும் எல்இடி விளக்கின் கீழ் சென்சாருக்குக் கடினமான நிறங்கள். படத்தின் சிவப்பு நிறச் சேனல் மட்டும் அளவு மீறி நிரம்பினால் துணியின் நெசவும் மடிப்பும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இது தெரியாது, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரை முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். எந்தக் கேமராவில் அந்தக் குறைப்பு இல்லாமலே நெசவு தெரிகிறது என்பது மண்டப வேலைக்கு வரப்போகிறவருக்கு மெகாபிக்சலைவிட முக்கியம். முகத்தின் மாநிறம் மஞ்சளடிக்கிறதா, சாம்பல் பூசியது போல இருக்கிறதா என்பதையும் ஜேபெக்கில் பாருங்கள். ராவில் திருத்தப் போகிறவருக்கு இது பெரிதில்லை, எடுத்த உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவருக்கு இதுதான் எல்லாம்.

ஐஎஸ்ஓ 6400-இல் இரண்டுக்கும் புள்ளி இரைச்சல் வித்தியாசம் மயிரிழை அளவாகத்தான் தெரியும். அதை வைத்து முடிவெடுக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும், தாண்டிப் போங்கள்.

ஆர்50 பற்றி ஒரு நுணுக்கம். அதில் முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது, ஷட்டரின் முதல் திரைச்சீலை எலக்ட்ரானிக். எஃப் 1.8 லென்ஸ் போட்டு நல்ல வெயிலில் 1/4000-இல் எடுத்தால் பின்னணியில் உள்ள மங்கல் வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டியது போல வரும். ஷட்டரை 1/1000-ஐவிட மெதுவாக வைக்கப் பாருங்கள், அல்லது அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடுங்கள். இரண்டிலுமே முழு எலக்ட்ரானிக் ஷட்டரை மலிவு எல்இடி விளக்குகளின் கீழ் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், அது பழுது இல்லை.

எந்தத் தாளுக்கு எது

போட்டோ அதிகம், வெயில் அதிகம், வீட்டில் பலர் எடுப்பார்கள், பழைய கேனான் லென்ஸ் இருக்கிறது என்றால் ஆர்50. பேசும் வீடியோ, ஒலிப்பதிவு, நீண்ட கிளிப், வருடத்துக்கு ஒரு லென்ஸாகச் சேர்த்து வாங்கும் திட்டம் என்றால் இசட்வி-இ10. ஆன்லைன் வகுப்புக்கு யூஎஸ்பி வழியாக வெப்கேமாகப் பயன்படுத்துவதும் ஒரு காரணம் என்றால், சோனி அந்த வழியில் 720-தான் தரும், ஆர்50 1080 தரும். தாளில் எண்ணிக்கை சரிபாதியாக வந்தால் நாங்கள் ஆர்50-ஐயே சொல்வோம். வியூஃபைண்டரைப் பிறகு சேர்க்க முடியாது, ஒலியைத் தனி ரெக்கார்டர் வைத்துச் சமாளிக்கலாம்.

பில், பெட்டி, முதல் வாரம்

விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் அது கிரே மார்க்கெட் (நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராத) பீஸாக இருக்கலாம். பாடியில் உள்ள சீரியல் எண், பெட்டியில் உள்ளது, ஜிஎஸ்டி பில்லில் எழுதியது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரண்டி அட்டை இந்திய நிறுவனத்தினுடையதா என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி பாடிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மொழி மாற்றும் இடமே காணாவிட்டால் அந்தப் பீஸைத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 100, 1600 இரண்டிலும் 1/60-இல் ஒவ்வொரு படம் எடுத்து 100 விழுக்காட்டில் பாருங்கள். 1/60-இலேயே சிவப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த வாரத்துக்குள் மாற்றிக் கேளுங்கள். 30 நொடி எக்ஸ்போஷரில் தெரியும் சில புள்ளிகள் எல்லாச் சென்சாருக்கும் இயல்பு. அடுத்து வெள்ளைச் சுவரை எஃப் 16-இல், ஃபோகஸ் கலைத்து எடுங்கள், கறுப்புப் பொட்டுகள் இருந்தால் சென்சாரில் தூசி. செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து, இடது, வலது ஓரங்களின் கூர்மையை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகவும் மறுபக்கம் மசமசப்பாகவும் இருந்தால் லென்ஸ் உள்ளே சாய்ந்திருக்கிறது. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் 4கே-இல் 30 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள், வெப்ப எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். சோனியில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' என்பதை 'ஹை' என்று மாற்றிய பிறகு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாமல் முன்னதாகவே அணைந்துவிடும். பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் கடை சொன்ன மாற்றிக்கொடுக்கும் நாள் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.